பொம்மை கார் வச்சு விசையும் இயக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் அறிவியல் எடுக்கிறேன். விசையும் இயக்கமும் பாடம் வந்தா எனக்கு போர்டுக்கு முன்னாடி பொம்மை கார்தான் ஞாபகம் வரும். அதைப் பாத்துட்டு கூட வேலை பாக்கிற டீச்சருங்க கேட்டது, வீட்ல பிள்ளைங்களோட செஞ்சு பாத்த பெத்தவங்க கேட்டது, பசங்களே கேட்டு என்னை யோசிக்க வச்சதுன்னு திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை இங்க ஒண்ணா சேத்திருக்கேன். கீழ போகப் போக கொஞ்சம் கஷ்டமாகும், நடுவுல எங்கயாவது இடிச்சா முன்னாடி பதிலை ஒருதடவை பாத்துட்டு வாங்க.

1. இதுல பாடம் எங்க இருக்கு? பசங்க சும்மா கார் ஓட்டி விளையாடிட்டுப் போயிடுவாங்களே?

விளையாடட்டும், முதல் பத்து நிமிஷம் நானே அப்படித்தான் விடுவேன். காரை கையில குடுத்துட்டு உடனே "உக்காரு, நோட்டை எடு"ன்னா எவனுக்கும் காதுல ஏறாது. பத்து நிமிஷம் விட்டுப் பாருங்க, "மிஸ் என் கார் ஏன் வளைஞ்சு போகுது", "அவனுது மட்டும் ஏன் சுவர் வரைக்கும் போகுது"ன்னு அவங்களே ஆரம்பிச்சிடுவாங்க, அந்தக் கேள்விங்கதான் பாடம்.

விளையாட்டு சோதனையா மாறுறதுக்கு நான் செய்றது ஒண்ணே ஒண்ணுதான். காரை விடுறதுக்கு முன்னாடி அது எங்க போய் நிக்கும்னு ஒவ்வொருத்தரும் சொல்லணும், சொன்ன இடத்துல தன் பேர் எழுதின பேப்பர் டேப்பை தரையில ஒட்டணும். தன் பேரை தாண்டி கார் போயிடுச்சுன்னா அந்தப் பிள்ளை சும்மா இருக்காது, ஏன்னு கேட்டே தீரும். நான் சொல்றதுல ஒண்ணே ஒண்ணைத்தான் எடுத்துக்க முடியும்னா இதை எடுத்துக்கோங்க.

2. எத்தனை வயசுலேர்ந்து செய்யலாம்?

நாலு அஞ்சு வயசுல தள்ளு, இழு, வேகமா, மெதுவா, கிட்ட, தூரம் இது போதும். அளக்கிறதுக்கு ஸ்கேல் கூட வேணாம், நூலை நீட்டி வெட்டி பக்கத்துல பக்கத்துல சுவத்துல ஒட்டினா எது நீளம்னு தெரிஞ்சிடும். எட்டு ஒம்போது வயசுல சென்டிமீட்டர்ல அளந்து அட்டவணை போடலாம், பன்னெண்டுக்கு மேல வேகம், முடுக்கம் (வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுதுங்கிறது), கிராஃப் எல்லாம் வரும். ரொம்ப சின்னப் பசங்க இருந்தா சக்கரம் கழண்டு வாய்க்குப் போற மாதிரி கார் மட்டும் வேணாம்.

3. என்னென்ன வேணும்? ட்ராக் செட் வாங்கணுமா?

வேணாம். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு பலகை இல்லேன்னா தடிமனான அட்டை, அடியில வைக்க ஒரே தடிமன்ல நாலஞ்சு புக்கு, அளவு டேப், பேப்பர் டேப், ஒரு ஸ்கேல், ஒரு டவல், ஒரு உப்புத்தாள். அட்டையை ரேம்ப்பா, அதாவது ஒரு முனையை புக்கு மேல ஏத்தி சரிவா வச்சீங்கன்னா நடுவுல தொங்கும், கண்ணுக்கு லேசாத்தான் தெரியும் ஆனா கார் அந்தப் பள்ளத்துல இறங்கி ஏறி தன் இஷ்டத்துக்கு ஓடும், அதனால நடுவுலயும் ஒரு புக்கை முட்டு குடுங்க. பலகை கிடைச்சா பலகையே நல்லது.

4. எந்த கார் நல்லது? ரிமோட் கார் ஆகுமா?

மோட்டார் இல்லாத, தானா உருள்ற சின்ன உலோகக் கார்தான் முதல்ல. 1968-ல வந்த ஹாட் வீல்ஸ் மாதிரி 1:64 அளவு கார்கள்ல அச்சு மெல்லிசா இருக்கும், உராய்வு கம்மி, ரேம்ப்லேர்ந்து விட்டா நல்ல தூரம் போகும். ரிமோட் கார்ல உள்ளயே மோட்டார் தள்ளிக்கிட்டே இருக்கிறதால எது எந்த விசைன்னு பிரிச்சு சொல்றது கஷ்டம், அது பின்னாடி 19-வது கேள்விக்கு உதவும்.

வாங்கின அன்னைக்கு நல்லா ஓடின கார் ஒரு மாசத்துல சோம்பேறியாயிடும். திருப்பிப் பிடிச்சு வெளிச்சத்துல அச்சைப் பாருங்க, சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல தலைமுடி வளையம் வளையமா சுத்தி, மேல தூசி ஒட்டி ஒரு சின்ன மோதிரம் மாதிரி இருக்கும். ஒரு ஊசியை உள்ள விட்டு இழுத்தா மொத்தமா வந்துடும். இதை நான் யாருக்கும் தெரியாம பண்ணி வைக்க மாட்டேன், பசங்க முன்னாடியே எடுத்துட்டு முன்னாடி பின்னாடி ரெண்டு தூரத்தையும் அளக்கச் சொல்வேன். உராய்வுங்கிற வார்த்தை அன்னைக்குத்தான் அவங்களுக்குள்ள இறங்குது. எண்ணெய் மட்டும் போடாதீங்க, தூசியை இழுத்து வச்சுக்கும். பென்சில் முனையை சுரண்டின பொடியை கொஞ்சம் அச்சுல தூவினா போதும்.

5. விசைன்னா என்னன்னு ஒரே வரியில எப்படி சொல்றது?

தள்ளுறதும் இழுக்கிறதும் விசை. அதோட விட்டுடாம அது என்ன செய்யும்னும் சேத்து சொல்லுங்க: நிக்கிறதை நகர்த்தும், ஓடுறதை நிறுத்தும், வேகத்தை கூட்டும் குறைக்கும், திசையை மாத்தும். இந்த நாலையும் ஒரே காரை வச்சு ரெண்டு நிமிஷத்துல காட்டிடலாம். திசை மாத்துறதுக்கு, நேரா உருண்டு போற உலோகக் காருக்கு பக்கவாட்டுல ஒரு காந்தத்தை நீட்டுங்க, பாடி இரும்பா இல்லாம துத்தநாகக் கலவையா இருந்தா ஒட்டாது, அப்போ காருக்கு மேல ஒரு ஆணியை டேப் போட்டுக்கோங்க. தொடாமலேயே விசை வேலை செய்யும்னும் அதுலயே வந்துடும்.

6. கையால தள்ளினா ஒவ்வொரு தடவையும் வேற வேற தூரம் போகுது, எதை எழுதுறது?

எதையும் எழுதாதீங்க, கையை எடுத்துடுங்க. நம்ம கை ஒரே அளவு விசையை ரெண்டு தடவை குடுக்கவே குடுக்காது, அதுவும் பந்தயம்னு பசங்க நினைச்சுட்டா சொல்லவே வேணாம். ரேம்ப்ல ஒரு கோடு போட்டு, கோட்டுல ஒரு ஸ்கேலை குறுக்க நிமிர்த்திப் பிடிச்சு, காரோட மூக்கு ஸ்கேல்ல இடிக்கிற மாதிரி வச்சு, ஸ்கேலை சட்டுனு முன்னாடி மேல தூக்குங்க. ஈர்ப்பு விசை மட்டும்தான் காரை இழுக்கும், அது எல்லாருக்கும் ஒரே மாதிரி.

தரையிலயே செய்யணும்னா நாற்காலியோட ரெண்டு காலுக்கு நடுவுல ரப்பர் பேண்டை மாட்டி, காரை வச்சு 3 சென்டிமீட்டர், 6 சென்டிமீட்டர்னு அளந்து இழுத்து விடலாம். பெரிய விசை குடுத்தா அதிக தூரம்ங்கிறது இதுல பளிச்சுனு தெரியும்.

7. ஒரே பீரியட்ல முடிக்கணும், உயரத்தையும் தரையையும் சேத்து மாத்திடலாமா?

கூடாது. உயரத்தை கூட்டி, அதே சமயம் டவலையும் விரிச்சீங்கன்னா கார் முன்ன மாதிரியே போய் நிக்கலாம், அதுலேர்ந்து என்ன தெரிஞ்சுது? ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும், மீதி எல்லாம் அப்படியே இருக்கணும், அதே கார், அதே கோடு, அதே தரை. டைம் இல்லேன்னா பாதி குழு உயரம், பாதி குழு தரைன்னு பிரிச்சுக்கோங்க.

8. கார் ஏன் நின்னுச்சுன்னு கேட்டா மொத்த கிளாஸும் "ஃபோர்ஸ் தீர்ந்துபோச்சு"ன்னு சொல்லுது. இதை எப்படி மாத்துறது?

எனக்கு இதுதான் இந்தப் பாடத்தோட உயிர். கார் ஏன் ஓடுச்சுன்னு கேக்கிறதை விட ஏன் நின்னுச்சுன்னு கேக்கிறதுலதான் எல்லாமே இருக்கு. பசங்க மனசுல விசைங்கிறது பெட்ரோல் மாதிரி, கை அதை காருக்குள்ள ஊத்துது, ஓட ஓட செலவாகுது, காலியானா நிக்குது. இதுக்காக அவங்களை தப்பா நினைக்காதீங்க, நகர்ற பொருளை ஏதாவது ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கணும்னு அரிஸ்டாட்டில் சொன்னதை உலகம் கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம் நம்புச்சு, 14-ஆம் நூற்றாண்டுல ஜான் புரிடான்ங்கிற பிரெஞ்சு தத்துவ அறிஞர் தள்ளுறவங்க பொருளுக்குள்ள ஒரு உந்துதலை ஏத்தி விடுறாங்கன்னு சொன்னாரு. நம்ம பசங்க தானாவே அந்த இடத்துக்கு வந்து நிக்கிறாங்க, அதுக்கு ஒரு மரியாதை குடுத்துட்டுத்தான் மேல போகணும்.

நான் செய்றது இது. அதே ரேம்ப், அதே கோடு, முதல்ல கீழ டவல், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் வெறும் தரை, கடைசியா வழவழன்னு ஒரு கண்ணாடியோ மேஜை மேல்பரப்போ. ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு தூரம்னு எழுதிட்டு ஒரே கேள்வி கேக்கிறேன்: "ரேம்ப் குடுத்தது நாலு தடவையும் ஒண்ணுதானே, உள்ள ஊத்தின ஃபோர்ஸ் ஒரே அளவுன்னா டவல்ல மட்டும் ஏன் சீக்கிரம் தீர்ந்துச்சு?" கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும், நீங்க வாயைத் திறக்காதீங்க. யாராவது ஒரு பிள்ளை "டவல் பிடிச்சு இழுக்குது"ன்னு சொல்லும். அவ்வளவுதான். நின்னதுக்குக் காரணம் எதுவும் தீர்ந்தது இல்ல, ஒரு விசை எதிர்ப்பக்கமா புதுசா வேலை செஞ்சது. கை விட்ட நொடியிலேயே கையோட விசை முடிஞ்சுபோச்சு, அதுக்கப்புறம் காரை பிடிக்கிறது உராய்வும் காத்தும்தான்.

அடுத்து "வழவழப்பை கூட்டிக்கிட்டே போனா, பிடிச்சு இழுக்க ஒண்ணுமே இல்லேன்னா?"ன்னு கேளுங்க. நிக்காதுன்னு அவங்களே சொல்வாங்க. கலிலியோ யோசிச்ச வழி இதுதான், 1687-ல நியூட்டன் முதல் விதியா எழுதினதும் இதைத்தான். நிஜ உதாரணம் வேணும்னா 1977-ல அனுப்பின வாயேஜர் 1 விண்கலம், தள்ளுறதுக்கு எஞ்சின் எதுவும் ஓடாமலேயே இன்னைக்கும் நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்துல போய்க்கிட்டு இருக்கு.

9. அப்போ உராய்வு கெட்டதுன்னு எழுதிக்கலாமா?

வேணாம், அப்படி எழுதிட்டா பின்னாடி மாட்டிப்பாங்க. சக்கரத்தை டேப் போட்டு சுத்தவிடாம ஒட்டிட்டு ரேம்ப்ல விட்டுப் பாருங்க, கார் வழுக்கிக்கிட்டு வந்து உடனே நின்னுடும், சாய்வு கம்மின்னா நகரவே நகராது. சக்கரம் உருள்றதே தரையை அது பிடிக்கிறதாலதான். அச்சுல உராய்வு இருந்தா நமக்கு நஷ்டம், தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இல்லேன்னா நஷ்டம். எங்க இருக்கிற உராய்வுன்னு கேட்டுட்டுத்தான் நல்லதா கெட்டதான்னு பேசணும், 18-ல இது திரும்ப வரும்.

10. உயரத்தை ரெண்டு மடங்காக்கினா தூரமும் ரெண்டு மடங்காகுமா?

ஓரளவுக்கு ஆமா. கார் மேல இருக்கும்போது உயரத்தால கிடைச்ச நிலை ஆற்றலை தரையில உராய்வு கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்குது, உராய்வு ஒரே மாதிரி இருந்தா ரெண்டு மடங்கு ஆற்றலை எடுக்க ரெண்டு மடங்கு தூரம் ஆகும். உயரத்தை கீழயும் தூரத்தை பக்கத்துலயும் வச்சு கிராஃப் போட்டா புள்ளிங்க கிட்டத்தட்ட நேர்கோட்டுல வரும்.

ஆனா வேகம் ரெண்டு மடங்காகாது, இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. உராய்வையும் சக்கரம் சுத்துறதையும் விட்டுட்டு கணக்கு போட்டா 10 சென்டிமீட்டர் உயரத்துலேர்ந்து இறங்கின கார் நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்துல தரைக்கு வரும், 20-ல 2 மீட்டர், 40-ல 2.8 மீட்டர். வேகம் ரெண்டு மடங்காகணும்னா உயரம் நாலு மடங்காகணும்.

11. நாங்க புக்கை அடுக்கிக்கிட்டே போனோம், ஒரு கட்டத்துக்கு மேல தூரம் குறைய ஆரம்பிச்சிடுச்சு. எங்க தப்பு?

தப்பே இல்ல, நல்லா கவனிச்சிருக்கீங்க. ரேம்ப் தரையைத் தொடுற மூலையில போய் குனிஞ்சு படுத்து பாருங்க. சரிவு அதிகமானா காரோட மூக்கு தரையில இடிச்சு, பின்சக்கரம் தூக்கி, ஒரு குதி குதிச்சுட்டுத்தான் போகும். கீழ்நோக்கி வந்த வேகம் முழுக்க அந்த இடியிலயே போயிடுது, தரையோட போற பங்கு மட்டும்தான் மிச்சம். 60 டிகிரி சரிவுன்னா வேகத்துல பாதிதான் தேறும், ஆற்றல்ல கால்வாசி.

ஒரு மெல்லிசான அட்டையை வளைச்சு மூலையில ஒட்டி வழிச்சு விட்டீங்கன்னா தூரம் திரும்ப ஏறும். இதையே ஒரு தனி சோதனையா குடுக்கலாம், மூலையில அட்டை வச்சும் வைக்காமலும். எனக்கு இதுல பசங்க தரையில படுத்துக்கிட்டு கன்னத்தை ஒட்டிப் பாக்கிற அந்த அஞ்சு நிமிஷம் ரொம்பப் பிடிக்கும்.

12. வெயிட்டான கார்தான் சீக்கிரம் இறங்கும்னு பசங்க அடிச்சு சொல்றாங்க. உண்மையா?

கிட்டத்தட்ட இல்ல. எடை கூடினா ஈர்ப்பு விசை அதிகமா இழுக்குது, சரி, ஆனா நகர்த்த வேண்டிய நிறையும் அதே அளவு கூடிடுச்சே, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு ஈடு கட்டிடும். 1971-ல அப்போலோ 15-ல போன டேவிட் ஸ்காட் நிலாவுல ஒரு சுத்தியலையும் இறகையும் ஒண்ணா விட்டாரு, காத்து இல்லாததால ரெண்டும் ஒண்ணாவே தரைக்கு வந்துச்சு.

செஞ்சு காட்டும்போது லாரியையும் காரையும் போட்டி விடாதீங்க, அதுங்களுக்கு அச்சு வேற, சக்கரம் வேற, 7-ல சொன்ன விதி உடைஞ்சிடும். ஒரே மாதிரி ரெண்டு கார் எடுத்து ஒண்ணு மேல மட்டும் களிமண் உருண்டையை அமுக்கி வச்சு, 6-ல சொன்ன மாதிரி ஒரே ஸ்கேலை கதவு மாதிரி குறுக்க பிடிச்சுத் தூக்கி ரெண்டையும் சேத்து விடுங்க.

13. ஆனா நாங்க செஞ்சப்ப களிமண் வச்ச கார் தரையில நிஜமாவே இன்னும் கொஞ்சம் தூரம் போச்சே?

போகும், அதை மறைக்க வேணாம். காத்தோட தடை ரெண்டு காருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா நிறை அதிகமான காரோட வேகத்தை அந்தத் தடையால அவ்வளவு சுலபமா குறைக்க முடியாது. இன்னொண்ணு, இறங்கும்போது கிடைக்கிற ஆற்றல்ல ஒரு பங்கு சக்கரத்தை சுழற்றப் போகுது, பாடி கனமா இருந்தா மொத்தத்துல அந்தப் பங்கு சின்னதாயிடும். அதனால சில சென்டிமீட்டர் முன்னாடி போய் நிக்கும்.

அதே களிமண்ணை அளவுக்கு மீறி வச்சு பாடி அமுங்கி சக்கரத்துல உரசினா கதை தலைகீழா மாறும். 12-ல நான் "கிட்டத்தட்ட"ன்னு சொன்னது இதுக்காகத்தான். "பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா சின்னதா ஒண்ணு இருக்கு, அது எதால?"ன்னு கேட்டா எட்டாவது பசங்க நல்லா பிடிச்சுப்பாங்க.

14. மூணு தடவை ஓட்டினோம், 112, 118, 64. அந்த 64-ஐ அழிச்சிடலாமா?

அழிக்கக் கூடாது. பக்கத்துல ஒரு கோடு போட்டு என்ன நடந்துச்சுன்னு எழுதணும், மேஜைக் காலை உரசிச்சா, ஸ்கேலை தூக்கும்போது மூக்குல பட்டுச்சா, வளைஞ்சு போச்சா. காரணம் தெரிஞ்சா அதை ஒதுக்கி வச்சுட்டு இன்னொரு தடவை ஓட்டி எழுதலாம், காரணம் தெரியலைன்னா இன்னும் ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டு அஞ்சையும் வரிசையா அடுக்கி நடுவுல இருக்கிற எண்ணை எடுத்துக்கலாம். "சரியான விடை" வரணும்னு 64-ஐ 114-ஆ மாத்துற பிள்ளையை திட்டாதீங்க, ஆனா அதை விட்டுடவும் விடாதீங்க.

வளைஞ்சு போற காருக்கு தூரத்தை எப்படி அளக்கிறதுன்னும் கேப்பாங்க. போன பாதையோட நூலை வச்சு அளக்கலாம், நேரா எவ்வளவு முன்னாடி போச்சுன்னும் அளக்கலாம், எதுவா இருந்தாலும் ஆரம்பத்துலயே ஒண்ணை முடிவு பண்ணி கடைசி வரைக்கும் அதையே வச்சுக்கணும்.

15. ஸ்டாப்வாட்ச்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நேரம் சொல்றாங்க, என்ன பண்ணலாம்?

கண்ணு பாத்து விரல் அழுத்த சுமார் 0.2 நொடி ஆகும். ஒரு மீட்டர் ரேம்ப்ல கார் இறங்கவே ஒரு நொடிதான் ஆகுதுன்னா அஞ்சுல ஒரு பங்கு தப்பாயிடுச்சு. ரேம்ப்பை நீளமாக்கி சாய்வை குறைங்க, நேரம் கூடும், தப்போட பங்கு குறையும். இல்லேன்னா ஃபோன்ல வீடியோ எடுத்து படம் படமா நகர்த்துங்க, நொடிக்கு 30 படம்னா ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 0.033 நொடி.

ஒரு சின்ன எச்சரிக்கை. 1 மீட்டரை 1.2 நொடியில கடந்துச்சுன்னா நொடிக்கு 0.83 மீட்டர்ங்கிறது சராசரி வேகம்தான். நின்ன இடத்துலேர்ந்து சீரா வேகம் ஏறி வர்றதால அடிவாரத்துல அதோட வேகம் அதுல ரெண்டு மடங்கு, அதாவது சுமார் 1.67. இது ரெண்டையும் ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டா கணக்கு எங்கயுமே ஒத்து வராது.

16. வாட்ச், ஃபோன் எதுவுமே இல்லாம முடுக்கத்தை காட்ட வழி இருக்கா?

இருக்கு, காதால. ரேம்ப்போட குறுக்க மெல்லிசான ரப்பர் பேண்டை மாட்டுங்க, கார் தாண்டும்போது டக்குனு சத்தம் வரணும், ஆனா வேகம் குறையக் கூடாது. ரெண்டு மீட்டர் பலகை கிடைச்சா முதல்ல ஆரம்பக் கோட்டுலேர்ந்து 40, 80, 120, 160 சென்டிமீட்டர்ல மாட்டுங்க. இடைவெளி ஒண்ணுதான், ஆனா சத்தம் டக்... டக்.. டக்.டக்னு நெருங்கிக்கிட்டே வரும். அப்புறம் அதே ரப்பர் பேண்டுங்களை 10, 40, 90, 160-க்கு நகர்த்தி விடுங்க. இப்போ டக், டக், டக், டக், தாளம் போட்ட மாதிரி சீரா வரும்.

சமமான நேரத்துல கடக்கிற தூரம் 10, 30, 50, 70, அதாவது 1, 3, 5, 7-ன்னு ஒற்றைப்படையா ஏறுது. கலிலியோ சாய்வான பலகையில வெண்கல குண்டை உருட்டி கண்டுபிடிச்சது இதே விதிதான், அவர்கிட்டயும் ஸ்டாப்வாட்ச் கிடையாது, பாத்திரத்துலேர்ந்து ஒழுகின தண்ணியை எடை போட்டு நேரத்தை அளந்தாரு. பார்வை குறைவா இருக்கிற பிள்ளைங்க இருக்கிற வகுப்புல நான் எல்லாருக்குமே இதைத்தான் முதல்ல செய்வேன், அவங்க மத்தவங்களுக்கு முன்னாடியே தாளத்தை பிடிச்சிடுவாங்க.

17. நிலைமத்தை, அதாவது நிக்கிறது நிக்கவும் ஓடுறது ஓடவும் பாக்கிற குணத்தை, எப்படி புரிய வைக்கிறது? பஸ் பிரேக் போட்டா முன்னாடி சாயுறோம்னு சொன்னா தலையாட்டுறாங்க, அவ்வளவுதான்.

களிமண்ல ஒரு குட்டி பொம்மை செஞ்சு காருக்கு மேல ஒட்டாம சும்மா உக்கார வைங்க. ரேம்ப் அடியில தடிமனான புக்கு ஒண்ணை குட்டிச் சுவர் மாதிரி குறுக்க படுக்க வச்சு காரை விடுங்க. கார் நின்னுடும், பொம்மை நிக்காது, புக்கைத் தாண்டி போய் விழும். இப்போ "பொம்மையை முன்னாடி தள்ளினது யாரு?"ன்னு கேளுங்க. யாருமே இல்ல. அது ஏற்கெனவே போய்க்கிட்டிருந்த வேகத்துலயே போச்சு, புக்கு நிறுத்தினது காரைத்தான். 8-ல சொன்ன அதே விஷயம் இன்னொரு உருவத்துல.

அடுத்து பொம்மையை ஒரு நூலால காரோட கட்டிட்டு விடுங்க. மெல்லிசான நூல்னா களிமண் வயித்துல வெட்டு விழும், அகலமான ரிப்பன்னா லேசா அமுங்கினதோட சரி. சீட் பெல்ட் ஏன் பட்டையா இருக்குன்னு அந்த வெட்டைப் பாத்தாலே தெரியும். இப்போ கார்ல இருக்கிற மூணு முனை பெல்ட்டை 1959-ல வோல்வோவுல நில்ஸ் பொலின் வடிவமைச்சாரு, அது தோள், இடுப்புன்னு விசையை பிரிச்சு வாங்கிக்குது. இதை செஞ்ச நாள்ல பசங்க வீட்டுக்குப் போய் பெரியவங்களை பெல்ட் போடச் சொல்லி பிடிவாதம் பிடிக்கிறாங்க, பெத்தவங்களே வந்து சொல்லியிருக்காங்க.

18. பின்னாடி இழுத்து விட்டா முன்னாடி ஓடுற கார்ல, முன்னாடி தள்ளுற விசை எங்கேர்ந்து வருது? உள்ள இருக்கிற ஸ்பிரிங்தானே?

ஸ்பிரிங் சக்கரத்தை சுத்துது, அவ்வளவுதான். காரை கையில தூக்கிப் பிடிச்சுட்டு விட்டுப் பாருங்க, சக்கரம் விர்ருனு சுத்தும், கார் எங்கயும் போகாது. முன்னாடி தள்ளுறது தரை. சக்கரம் தரையை பின்னாடி தள்ளுது, தரை சக்கரத்தை முன்னாடி தள்ளுது, நியூட்டனோட மூணாவது விதி. இந்த இடத்துல உராய்வு நமக்காக வேலை பாக்குது.

தரை பின்னாடி போறது கண்ணுக்குத் தெரியலையேன்னு கேப்பாங்க. நாலஞ்சு உருண்டை பென்சிலை வரிசையா போட்டு, மேல ஒரு லேசான அட்டையை வச்சு, அட்டை மேல காரை முறுக்கி விடுங்க. கார் முன்னாடி போகும், அட்டை பின்னாடி ஓடும். ஒரு தடவை இதைப் பாத்த பிள்ளை மூணாவது விதியை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

19. ஒரே வேகத்துல போற பேட்டரி கார் மேல விசை இருக்கா இல்லையா? 8-ல விசை வேணாம்னு சொன்னீங்க, ஆனா மோட்டாரை நிறுத்தினா நிக்குதே?

விசைங்க இருக்கு, கூட்டிப் பாத்தா பூஜ்யம். முன்னாடி தரை தள்ளுற அளவுக்கு பின்னாடி உராய்வும் காத்தும் இழுக்குது, அதனால வேகம் ஏறவும் இல்ல, குறையவும் இல்ல. மோட்டாரை நிறுத்தினா முன்னாடி தள்ளுறது மட்டும் போயிடுது, பின்னாடி இழுக்கிறது மிச்சம், நிக்குது. ஓடிக்கிட்டே இருக்க விசை வேணாம், எதிர் விசையை ஈடு கட்டத்தான் வேணும். மேஜை மேல சும்மா நிக்கிற காருக்கும் இதே கதைதான், ஈர்ப்பு கீழ இழுக்குது, மேஜை மேல தள்ளுது.

20. பெரிய கார் சின்ன கார் மேல மோதினா பெருசுதானே அதிக விசை குடுக்குது? சின்னதுதானே தூக்கி வீசப்படுது?

ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு குடுக்கிற விசை சமம். வீசப்படுறது வேற வேற, ஏன்னா அதே விசை சின்ன நிறை மேல வேலை செஞ்சா முடுக்கம் அதிகம். நம்பவே மாட்டாங்க, பெரியவங்களே நம்பறதில்லை. ஒரே மாதிரி ரெண்டு கார் மூக்குல காந்தத்தை ஒரே துருவம் எதிரெதிரா வர்ற மாதிரி ஒட்டி, ரெண்டையும் நெருக்கிப் பிடிச்சு ஒரே நேரத்துல விடுங்க. ரெண்டும் சம தூரம் போகும். இப்போ ஒண்ணு மேல களிமண் வச்சு அதோட நிறையை ரெண்டு மடங்காக்கிட்டு விடுங்க. கனமான கார் பாதி வேகத்துல கிளம்பும், தூரமோ லேசான கார் போனதுல கால்வாசிக்கு பக்கத்துலதான் நிக்கும்.

ஏன் பாதி இல்லாம கால்வாசின்னு யாராவது கேட்டா அவங்களை 10-வது கேள்விக்கு அனுப்புங்க. வேகம் ரெண்டு மடங்குன்னா நிக்க நாலு மடங்கு தூரம் வேணும்ங்கிறதுதான் அங்க உயரத்துல பாத்தது.

21. சத்தம் தாங்க முடியல, பக்கத்து கிளாஸ்லேர்ந்து வந்து கேக்கிறாங்க.

குழுவுக்கு நாலு பேர், நாலு வேலை: ஒருத்தர் விட, ஒருத்தர் அளக்க, ஒருத்தர் எழுத, ஒருத்தர் தரையில படுத்து சக்கரத்தையே பாக்க. மூணு ஓட்டத்துக்கு ஒருதடவை வேலை மாறணும். ரேம்ப் கடைசியில பழைய டவலை சுருட்டிப் போட்டா கார் சுவத்துல இடிக்கிற சத்தம் போயிடும். மீதி சத்தம் இருக்கத்தான் செய்யும்.

22. புரிஞ்சுதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? வரையறை கேட்டா எல்லாரும் சொல்லிடறாங்க.

படம் போடச் சொல்லுங்க. ரேம்ப்லேர்ந்து இறங்கி தரையில உருண்டுக்கிட்டிருக்கிற கார், வலப்பக்கமா போகுது, அது மேல வேலை செய்ற விசைங்களை அம்புக்குறியா போடு. கீழ ஈர்ப்பு, மேல தரை, பின்னாடி உராய்வும் காத்தும். முன்னாடி எதுவும் கிடையாது. நிறைய பேர் முன்னாடி ஒரு பெரிய அம்பு போட்டிருப்பாங்க, எட்டாவதுல நல்லா படிக்கிற பிள்ளைங்களும்தான், அது 8-ல பேசின "உள்ள இருக்கிற ஃபோர்ஸ்" திரும்பி வந்திருக்குன்னு அர்த்தம்.

அதை சிவப்பு மையில அடிக்காதீங்க. அந்த அம்பு பக்கத்துல "இதை யார் தள்ளுறாங்க?"ன்னு மட்டும் எழுதி திருப்பிக் குடுங்க. எந்த அம்பா இருந்தாலும் தள்ளுறதோ இழுக்கிறதோ ஒரு பொருள் வெளியில இருக்கணும், அதோட பேரை எழுத முடியணும். போன தடவை ஒரு பொண்ணு அந்த நோட்டை வாங்கிட்டுப் போய், "கை" எழுதி, கையை அடிச்சு, "ரேம்ப்" எழுதி, அதையும் அடிச்சு, கடைசியில அம்பையே ரப்பர் போட்டு அழிச்சுட்டு கொண்டு வந்து காட்டுச்சு, பேப்பர் கிழியற அளவுக்கு அழிச்சிருந்துச்சு.